ஸ்டியரிங் லேசாக இருக்கிறது

இரண்டு வருஷமாக எங்கள் வண்டியைப் பற்றி மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே பெருமைதான். "ஸ்டியரிங் பூ மாதிரிப்பா. ஒத்தை விரல்ல திருப்பலாம்." பவர் ஸ்டியரிங் கிடையாது, பழைய ரூட் பஸ். மற்றவர்கள் தோளைக் கொடுத்துத் திருப்புகிற வண்டி மாமா கையில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றால் அது அவருடைய கைராசி என்றே எல்லோரும் நினைத்தோம். முப்பது வருஷம் வேலூர், ஆரணி, செய்யாறு என்று தனியார் பஸ் ஓட்டியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்பாவின் மைக் செட்டைக் கையில் எடுத்த நாளிலிருந்து வண்டி விஷயத்தில் நான் அவர் பேச்சைத் தாண்டியதில்லை.

இன்னும் இரண்டு சங்கதிகள் இருந்தன. முன் டயர் தேயவே தேயாது. பின்னால் இரண்டு முறை டயர் மாற்றியும் முன் டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டம், அப்படியே இருந்தது. "பாத்தியா, ஓட்டற விதத்துல இருக்கு" என்பார் மாமா. இன்னொன்று பெருமையில்லை, புகார். ராத்திரியில் எதிரே வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துக் காட்டுவார்கள். லைட்டைத் தாழ்த்தி டிப்பில்தான் வருகிறோம், அப்படியும் கண் கூசுகிறதாம். "பொறாமைடா" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு கோளாறு மூன்று பாஷையில் வந்து சொல்லியிருக்கிறது. மூன்றையும் நாங்கள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

வண்டி இப்படித்தான் இருந்தது. கொரோனா சமயத்தில் ஓட்டம் நின்று விலைக்கு வந்த பஸ். சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கத்தை முழுசாக அறுத்து இரட்டைக் கதவு போட்டோம். மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதற்கு நடந்த நடை தனிக் கதை, இங்கே வேண்டாம். உள்ளே பேஸ் பாக்ஸ் என்கிற பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிய ஆம்ப் ரேக், கேபிள் டிரம், லைட் கம்பங்கள், தண்ணீர் டேங்க். வால் பக்கத்தில் கொக்கி வைத்து, ஜெனரேட்டரைச் சுமக்கும் ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர், அதாவது ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சக்கரம். பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை நம் பக்கத்தில் பாரதக் கூத்து, தீமிதி, கூழ் வார்த்தல் என்று ஓய்வே இருக்காது. விடிய விடியக் கூத்து நடக்கிற ஊரில் கரண்டை நம்பி மைக் கட்ட முடியுமா? ட்ரெய்லர் இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பு இல்லை.

எல்லாச் சாமானும் பின்கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு, கூத்து முடிந்து, கண் செருகிக்கொண்டு வருகிற பையன்கள் பேஸ் பாக்ஸைக் கதவுக்குள் தள்ளுவதே பெரிய விஷயம். அதற்கு மேல் பன்னிரண்டு அடி உள்ளே இழுத்துப் போ என்று எந்த வாயால் சொல்வது?

கண்ணமங்கலம் தாண்டி

2023 ஆடி. படவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மறுநாள் திருவிழா. கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகச் சந்தவாசல் போகிற ரோடு. ராத்திரி பதினொரு மணி இருக்கும். பத்து நாள் காய்ந்து கிடந்த தார்மேல் தூறல் விழ ஆரம்பித்தது. வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. நான் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் பெட்டிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வலப்பக்கம் ஒரு வளைவு. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் அன்றைக்கு இருந்த மாதிரி சொல்ல முடியவில்லை. சறுக்கியது என்றால் சத்தம் இருக்க வேண்டும், பிரேக் கிறீச்சிட வேண்டும். அப்படி எதுவும் இல்லை. வண்டி தன்பாட்டுக்கு நேராக, அவசரமே இல்லாமல், ரோட்டோரப் புளிய மரத்துக்கும் மைல் கல்லுக்கும் நடுவே போய், புதிதாக நடவு நட்டிருந்த கழனியில் முன்சக்கரங்களை இறக்கி நின்றது. மாமா இன்னும் வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். அந்த ஸ்டியரிங் அப்போதும் பூ மாதிரிதான் சுற்றியது.

யாருக்கும் அடியில்லை. கழனிக்கார அம்மா டார்ச் லைட்டோடு வந்து, முதலில் பையன்கள் முகத்தில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, அப்புறம் நாற்றைப் பார்த்து, "அம்மன் வேலைக்குப் போற வண்டியா? சரி, காலையில பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசியது கணிசமான தொகைதான். நியாயமும் அதுதான்.

காலையில் ஒரு டிராக்டர் வந்தது. இருபது வயசுகூட இருக்காது ஓட்டி வந்த பையனுக்கு. ஜெனரேட்டர் ட்ரெய்லரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, பஸ்ஸின் பின்பக்கம் சங்கிலி மாட்டி டிராக்டர் கொக்கியில் கோத்தோம். அவன் முதல் கியரில் இழுத்தான். பஸ் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. நாங்கள் பதறினோம், அவன் பதறவில்லை. கிளட்சை மிதித்து இறக்கிவிட்டு, "முன்னாடி ரெண்டு பேரு ஏறி உக்காருங்கண்ணா" என்றான். ஆள் வரும்வரை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். மறுபடி முன்பக்கம் தூக்கியது. தூக்கிய நிலையில், எங்கள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே, ஒற்றை விரலால் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அந்தரத்தில் நின்ற சக்கரங்கள் இரண்டும் அதற்கேற்ற மாதிரி தலையாட்டின.

ஒற்றை விரல்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சக்கரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன்கள் இரண்டு பேர் டிராக்டரின் மூக்கில் ஏறி உட்கார்ந்ததும் பஸ் மேலே வந்துவிட்டது. (அப்படி ஆள் உட்காருவது ஆபத்து. யாரும் செய்ய வேண்டாம். நம் ஊரில் தினமும் நடக்கிறது என்பது வேறு விஷயம்.) அன்றைக்கு முழுக்க மாமா யாரிடமும் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசவில்லை.

நெல் இல்லாத வண்டி

திருவிழா முடிந்து திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் ஆரணிப் பக்கம் ஒரு ரைஸ் மில் எடை மேடைக்கு வண்டியை விடச் சொன்னேன். "எதுக்கு? வண்டி பதினாறு டன் தாங்கும். நம்ம சாமான் மூணு டன் கூட வராது" என்றார் மாமா. "எஞ்சினே முன்னாடிதானே உக்காந்திருக்கு, முன்பக்கம் எப்படிடா லேசாகும்?" என்றும் கேட்டார். நல்ல கேள்விதான். அதைவிட நல்லதாக இன்னொன்றும் கேட்டார்: "அறுபது பேரை ஏத்திக்கினு இதே ரோட்டுல ஓட்டியிருக்கேனே, அப்ப ஏன் போகல?"

எடை மேடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நெல்லு எங்க?" என்றார். நெல் இல்லை, பஸ்ஸைத்தான் எடை போட வேண்டும், அதுவும் பாதிப் பாதியாக என்றேன். முழு லாரியையே எடை போட்டுப் பழகியவருக்கு முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துவது ஏன் என்று புரியவில்லை. எத்தனை தரம் ஏற்றினாலும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு, தனிக்காசு என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கினோம்.

முதலில் ட்ரெய்லரை மாட்டியபடியே பஸ்ஸின் முன்சக்கரம் மட்டும் மேடையில்: 2,250 கிலோ. அப்புறம் பஸ் முழுக்க மேடையில், ட்ரெய்லரின் சக்கரம் வெளியே: 11,820. அப்படியானால் பின் ஆக்சில்மேல் 9,570. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏற்றினோம்: முன்னால் 2,540, மொத்தம் 11,340. ட்ரெய்லர் தனியாக 2,600.

மாமா சீட்டை வாங்கி, "பாரு, எல்லாம் கணக்குக்குள்ளதான் இருக்கு" என்றார். உண்மைதான். எங்களுடையது 2018-க்கு முந்தைய வண்டி. அந்த வருஷம் அரசு அளவை உயர்த்தி, நாலு டயர் ஆக்சிலுக்கு 10.2 டன் என்பதை 11.5 ஆக்கியது, இரண்டு ஆக்சில் லாரிக்கு மொத்தம் 16.2 டன் என்பது 18.5 ஆனது. பழைய அளவையே வைத்தாலும் எங்கள் பின் ஆக்சில் 9,570-ல் தப்பித்துவிடுகிறது. மொத்த எடையோ பக்கத்திலேயே வரவில்லை. எந்த அதிகாரி நிறுத்தி எடை போட்டாலும் அபராதம் எழுத முடியாது. அதிகம் போனால் தப்பு என்றுதான் அந்த அட்டவணை சொல்கிறது. முன்னால் இதற்குக் குறைந்தால் தப்பு என்று அதில் ஒரு வரியும் இல்லை. நாங்கள் குற்றம் செய்யாமலேயே கழனிக்குள் போயிருக்கிறோம்.

2,250-ஐ 11,820-ல் வகுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டியைத் திருப்ப வேண்டிய சக்கரங்கள் இரண்டும் சாலையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருந்தன. ஈரத் தாரில் அந்தப் பிடி போதவில்லை. டயர் தேயாததற்கும் எதிரே வந்தவர்களின் கண் கூசியதற்கும் காரணம் அதேதான். மூக்கு தூக்கிய வண்டியின் லைட் மரக்கிளைக்குத்தானே அடிக்கும்!

மாமாவின் அறுபது பேருக்கும் பதில் கிடைத்தது. அறுபது பேரும் டிரைவர் முதுகிலிருந்து கடைசி நீள சீட்டு வரை பரவி உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில். நாங்கள் ஏற்றிய மூன்று டன் சொச்சமும் பின் ஆக்சிலுக்குப் பின்னால், வாலில்.

ஆனால் அந்த எடைச்சீட்டில் என்னைத் திகைக்க வைத்த எண் வேறு. ட்ரெய்லரை மாட்டியதும் பஸ்ஸின் மொத்த எடை 480 கிலோ கூடியிருக்கிறது; அதாவது ட்ரெய்லரின் கழுத்து எங்கள் கொக்கிமேல் 480 கிலோவை வைக்கிறது. சரி. அதே நேரத்தில் முன்னால் 290 கிலோ குறைந்திருக்கிறது. பின்னால் ஒரு பாரத்தை வைத்தால் முன்னால் இருந்த பாரம் எங்கே போகும்? பின் ஆக்சிலுக்குத்தான் போகும். 480 வைத்தோம், பின் ஆக்சிலில் ஏறியது 770.

டேப் எடுத்து அளந்தோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 210 அங்குலம், பதினேழரை அடி. பின் ஆக்சிலிலிருந்து கொக்கி வரை பத்தரை அடி. பத்தரையைப் பதினேழரையால் வகுத்தால் சரியாக 0.6. கொக்கியில் ஒரு கிலோ வைத்தால் முன்னால் அறுநூறு கிராம் குறையும், பின்னால் ஒரு கிலோ அறுநூறு கிராம் ஏறும். இதில் இன்னொரு வேடிக்கை: மோட்டார் வாகன விதியில் வண்டியின் வால் நீளத்துக்கு வரம்பு உண்டு. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பஸ்கள் அந்த வரம்பை விளிம்புவரை பயன்படுத்திக்கொள்ளும். அந்த விளிம்பில்தான் நாங்கள் கொக்கியைப் பற்றவைத்திருந்தோம். எங்கள் வண்டியில் வேறெங்கே வைத்திருந்தாலும் இவ்வளவு கெடுதல் இருந்திருக்காது.

முன்பாரம், பின்பாரம்

இதை மாமாவுக்கு நெம்புகோல், திருப்புவிசை என்று நோட்டில் படம் போட்டு விளக்கினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பின்பாரம்னு ஒரு வார்த்தையில சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

தாத்தாவிடம் கட்டை வண்டி இருந்தது. வண்டியில் எரு ஏற்றினாலும், வேர்க்கடலை மூட்டை ஏற்றினாலும், கட்டி முடித்ததும் அவர் முதலில் பார்ப்பது நுகத்தடியைத்தான். மாட்டைப் பூட்டும் முன்னால் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும், இரண்டு மூட்டையைப் பின்னால் தள்ளுவார். விட்டால் தானாக மேலே போகிறது என்றால் பின்பாரம். அது இன்னும் மோசம்; நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கிவிடும். மேட்டில் ஏறும்போது மாட்டையே தூக்கிவிடும் என்பார்கள். கழுத்தில் லேசாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை கிலோ என்று தாத்தா சொன்னதில்லை. அவர் கைக்குத் தெரியும்.

பஸ்ஸுக்கு வந்திருப்பது பின்பாரம், ட்ரெய்லருக்கு இருப்பது முன்பாரம் என்று மாமா ஒரே நிமிஷத்தில் பிரித்துவிட்டார். எனக்கு அதுவரை அது இரண்டு தனித்தனி நோய் என்றே தோன்றவில்லை. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் நாலு சக்கர ட்ரெய்லருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் பாரத்தை அதன் சக்கரங்களே சுமந்துகொள்ளும். எங்களுடையது கட்டை வண்டி ஜாதி. மாட்டுக்குப் பதில் பஸ்.

சரி, ட்ரெய்லரின் முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவுகட்டினோம். அங்கேதான் அடுத்த தப்பு. ஜெனரேட்டருக்கு முன்னால் அடுக்கியிருந்த இரும்புக் கம்பங்கள், கேபிள் எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்பக்கத்துக்கு மாற்றினோம். மாமா கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கையில் வந்தது. பெருமிதம் தாங்கவில்லை எங்களுக்கு. கொக்கிமேல் பாரமே இல்லை, பஸ்ஸின் மூக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பள்ளிகொண்டா தாண்டி பெங்களூர் ரோட்டில் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கன்டெய்னர் லாரி எங்களை ஒட்டித் தாண்டியது. அது கிளப்பிய காற்றில் ட்ரெய்லர் ஒரு பக்கம் லேசாக ஒதுங்கியது. ஒதுங்கியது திரும்பி வந்து, நடுவில் நிற்காமல் மறுபக்கம் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கியது. அப்புறம் இன்னும் அதிகமாக. மாட்டுவாலில் ஈ விரட்டுகிற மாதிரி, பஸ்ஸின் பின்பக்கத்தையே அது இழுத்து இழுத்து ஆட்டியது. பக்கக் கண்ணாடியில் ஜெனரேட்டர் ஒருமுறை இந்தப் பக்கம் தெரிந்தது, ஒருமுறை அந்தப் பக்கம் தெரிந்தது. நான் "பிரேக், பிரேக்" என்று கத்தினேன். மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார், வேகம் தானாகக் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அன்றைக்கு நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம் என்றால் அதற்கு அவருடைய முப்பது வருஷம்தான் காரணம். பிரேக் அடித்திருந்தால் பின்னாலிருந்த இரண்டரை டன் எங்களை முந்திக்கொண்டு வந்திருக்கும்.

பாரம் சக்கரத்துக்குப் பின்னால் போனால் ட்ரெய்லர் தன் வாலால் ஓட ஆரம்பிக்கிறது. ஆட ஆரம்பித்தால் அடக்குவதற்குக் கழுத்தில் பிடி இல்லை. தாத்தாவின் வண்டி மணிக்கு மூன்று மைல் போனது, அதனால் பின்பாரத்தில் மாடு மட்டும் கஷ்டப்பட்டது.

இம்மாதிரி ட்ரெய்லருக்கு அதன் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பொதுவாக வைத்திருக்கிற கணக்கு. எங்கள் 2,600-க்கு 260-லிருந்து 390 வரை. முதலில் எங்களிடம் இருந்தது 480, பதினெட்டு சதவீதத்துக்கு மேல். "சரிசெய்த" பிறகு எவ்வளவு இருந்தது? மூட்டை நிறுக்கிற ஐந்நூறு கிலோ எலக்ட்ரானிக் தராசு ஒன்றை மில்லில் கேட்டு வாங்கி, ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, கழுத்தின் ஜாக்கிக் காலை அந்தத் தராசுமேல் இறக்கினோம். கழுத்தின் உயரம் பஸ்ஸில் மாட்டியிருக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண் பொய் சொல்லும். 60 காட்டியது. அறுபது கிலோவை நம்பி நெடுஞ்சாலையில் போயிருக்கிறோம். கம்பங்களை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தி 300-ல் நிறுத்தினோம். நகர்த்த நகர்த்தத் தராசின் சிவப்பு எண் ஏறுவதைப் பார்ப்பதற்குப் பையன்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒரே கம்பத்தை ஒரு அடி நகர்த்தினால் இவ்வளவா என்று ஒருத்தன் கேட்டான்.

பெட்டிகளின் இடமாற்றம்

ட்ரெய்லர் தீர்ந்தது. பஸ் தீரவில்லை. கொக்கியில் 480-க்குப் பதில் 300 என்றால் முன்னால் நூற்றுச் சொச்சம் கிலோதான் திரும்பி வரும். மீதிக் கடன் வண்டிக்கு உள்ளே இருந்தது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. முன் பம்பரில் கான்கிரீட் கட்டை கட்டு என்றார் ஒருத்தர். பின்பக்கம் கமான் பட்டையில், அதாவது வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்கில், இரண்டு பிளேட் கூடப் போடு, வண்டி சமமாக நிற்கும் என்றார் பட்டறைக்காரர். இந்த இரண்டாவது யோசனைதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். மூக்கு இறங்கும், லைட் ரோட்டைப் பார்க்கும். ஆனால் பட்டை கூடப் போட்டால் பாரம் நகராது; முன் ஆக்சில்மேல் அதே எடைதான் இருக்கும். வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஏமாறுகிற ஆட்களில் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன், அந்தச் சீட்டைப் பார்க்கும்வரை.

கடைசியில் செய்தது, இடப்பக்கம் பழைய முன்படிக்கட்டுக்குச் சற்றுப் பின்னால் உடம்பை அறுத்து அகலமான பக்கக் கதவு ஒன்று. ஆம்ப் ரேக், கேபிள் டிரம், லைட் கம்பங்கள், தண்ணீர் டேங்க் எல்லாம் டிரைவர் முதுகுக்குப் பின்னால் வந்தன. சுமார் 1,800 கிலோ. தரையில் இரும்புச் சட்டம் வைத்துக் கட்டினோம். பிரேக் அடிக்கும்போது ஆம்ப் ரேக் மாமாவின் பிடரியில் வந்து உட்காரக்கூடாது அல்லவா? பேஸ் பாக்ஸ் மட்டும் 1,400 கிலோ பின்னாலேயே இருந்தது. அதை முன்னால் கொண்டுவந்தால் எடை இன்னும் அழகாக விழும். பையன்களின் இடுப்பு தாங்காது. அதோடு விட்டுவிட்டேன்.

மறுபடி ஆரணி. எடை மேடைக்காரர் இந்த முறை நெல்லைக் கேட்கவில்லை. முன்னால் 3,810. மொத்தம் 11,640. பின்னால் 7,830. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முன்சக்கரத்தில். சாமானில் ஒரு கிலோகூட இறக்கி வைக்கவில்லை. ட்ரெய்லரும் அதே ட்ரெய்லர்தான்.

அன்றிலிருந்து மாமாவுக்குத் தோள்வலி. "இன்னாடா இது, கல்லு மாதிரி இருக்குது ஸ்டியரிங்கு" என்று ஒவ்வொரு வளைவிலும் முனகுகிறார். ராத்திரி அத்தை தைலம் தேய்த்துவிடுகிறார், என்னைத் திட்டிக்கொண்டே. முன் டயர் தேய ஆரம்பித்திருக்கிறது, செலவு. எதிரே வருகிற ஒருத்தரும் லைட் போட்டுக் காட்டுவதில்லை. அது ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது என்றுகூட மாமா ஒருநாள் சொன்னார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை, டேங்க் நிரம்ப டீசல் அடித்துவிட்டு எடை போடுகிறோம். போன மாதம் முன்னால் 3,730 காட்டியது. எண்பது குறைவு. மொத்தமோ 160 கூட. பையன்களைக் கேட்டேன், ஒருத்தனும் எதையும் ஏற்றவில்லை என்று சத்தியம் செய்தான். டார்ச் அடித்துப் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனால், பேஸ் பாக்ஸுக்கும் பின்கதவுக்கும் நடுவில் தார்ப்பாயை மூடி ஆறு மூட்டை ஆரணி அரிசி. இருபத்தாறு கிலோ மூட்டை. இருபத்தைந்து கிலோ வரை ஜி.எஸ்.டி. என்று 2022-ல் வந்ததிலிருந்து மில்காரர்கள் ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டுகிறார்கள். ஆறு இருபத்தாறு நூற்றைம்பத்தாறு. வாலிலிருந்து கணக்குப் போட்டால் முன்னால் எண்பது சரியாக வருகிறது.

மாமா டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, அரிசி யாருக்கு?"

"வீட்டுக்குத்தான். மில்லுல விலை குறைச்சலா குடுத்தான்."

"முன்னாடி எடுத்து வைக்கலாமா?"

"வைடா, வை," என்றார். "அத்தையும் முன்னாடிதான் உக்காருவா, அவளையும் சேத்துக் கணக்கு போட்டுக்க."